இருமல் நிற்கவில்லையா? நுரையீரல் புற்றுநோயை அறிந்துகொள்வோம்



நரிக்குடி பக்கம் இருமல் என்றால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "புழுதி சேரலை", "பனி ஒத்துக்கலை", "பீடி இருமல்", "மூட்டத்துப் புகை" என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிவிடுவோம். ஆடிக் காற்றில் வறண்ட கண்மாய்ப் புழுதியெல்லாம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கருவை வெட்டிக் கரிமூட்டம் போடும் ஊர்களில் ராத்திரி பகலாகப் புகை. அடுப்படியிலும் புகை. இத்தனைக்கும் நடுவே எந்த இருமல் சாதாரணம், எந்த இருமலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதைச் சொல்லவே இந்தப் பிரசுரம்.

முதலில் நான் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

ஒரு மூட்டக்காரரின் கதை

இது நடந்து பல வருஷங்கள் ஆகின்றன. பெயரும் ஊரும் வேண்டாம். கரிமூட்டம் போடுகிற ஓர் அண்ணன். வயது ஐம்பதை ஒட்டி. தினம் ரெண்டு கட்டு பீடி. நான் ஊர்க் கூட்டத்துக்குப் போனபோது ஓரமாக உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, எத்தனை நாளா இந்த இருமல்?"

"ரெண்டு மாசம் இருக்கும் சார். மூட்டத்து இருமல்தான். வேலை நின்னா அதுவும் நின்னுரும்."

நான் விடவில்லை. சளிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். காசநோய்க் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அவர் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம். "டி.பி. இல்லைண்ணே, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த ஊருக்குப் போய்விட்டேன். 'டி.பி. இல்லை என்றால் இந்த இருமல் எதனால்?' என்ற கேள்வியை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆறேழு மாதம் கழித்து அவர் சம்சாரம் என்னைத் தேடி வந்தார். "சார், அவருக்குத் தொண்டை கட்டிப்போச்சு, சத்தமே வரலை. துப்புனா ரத்தக்கோடு தெரியுது. வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது" என்றார். மதுரைக்கு அழைத்துப் போய்ப் படம் எடுத்துப் பார்த்தால், இடது நுரையீரலில் கட்டி. கல்லீரல் வரைக்கும் பரவிவிட்டது. அடுத்த மாசியில் அவர் இல்லை.

முதலிலேயே பார்த்திருந்தால் அவர் கட்டாயம் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அன்றைக்கு அவரிடம் சொல்லத் தவறியதை இன்றைக்கு உங்களிடம் சொல்கிறேன். சளியில் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகும் இருமல் நிற்கவில்லையானால், மறுபடியும் டாக்டரிடம் போக வேண்டும்.

நுரையீரல் செய்யும் வேலை

நமது நெஞ்சுக்கூட்டுக்குள் வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இரண்டு நுரையீரல்கள் உள்ளன. வலது நுரையீரலுக்கு மூன்று பகுதிகள். இடது பக்கம் இருதயத்துக்கு இடம்விட வேண்டியிருப்பதால் இரண்டு பகுதிகள்தான். நாம் இழுக்கும் மூச்சு பெரிய குழாய் வழியாகச் சென்று, கிளைகிளையாகப் பிரிந்து, கடைசியில் மிகச் சிறிய காற்றறைகளை அடைகிறது. அங்கேதான் ரத்தத்தில் பிராணவாயு சேர்கிறது, கரியமிலவாயு வெளியேறுகிறது.

மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. உள்ளே வரும் தூசியையும் சளியையும் இவை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். வாசலில் விளக்குமாறு வைத்துக் கூட்டுவது போன்ற வேலை. பீடிப் புகை இந்த மயிரிழைகளைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. கூட்டுகிற ஆள் இல்லாத வாசலில் குப்பை சேர்வது போல், புகையின் நஞ்சு உள்ளேயே தங்குகிறது.

புற்றுநோய் என்றால் என்ன?

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. பழைய செல் அழிவதும் புதுச் செல் உண்டாவதும் ஒரு கட்டுப்பாட்டோடு நடக்கின்றன. புகையிலுள்ள நஞ்சு, வருஷக்கணக்கில் செல்லுக்குள் இருக்கும் மரபுப் பொருளைச் சேதப்படுத்தும்போது, ஏதோ ஒரு செல் கட்டுப்பாட்டை மீறிப் பெருகத் தொடங்குகிறது. அதுவே கட்டியாகிறது. கட்டியிலிருந்து செல்கள் பிரிந்து, நெறிகட்டும் இடங்களுக்கும், கல்லீரல், எலும்பு, மூளை முதலிய உறுப்புகளுக்கும் பரவக் கூடும்.

இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. நுரையீரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது. கட்டி வளர்ந்து, நெஞ்சுக்கூட்டின் உறையையோ பக்கத்து நரம்பையோ தொடும்போதுதான் வலி எடுக்கும். ஆகவே "வலி ஒண்ணும் இல்லையே, எதுக்கு டாக்டர்?" என்று இருந்துவிடக் கூடாது.

காரணங்கள்

1. பீடி, சிகரெட், சுருட்டு. இதுவே முதற்காரணம். 1950ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவமனைகளில் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் அவர்களது பழக்கங்களைக் கேட்டு, மற்ற நோயாளிகளோடு ஒப்பிட்டு, புகைபிடிப்பதற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். அதன்பின் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் அதை ஐயத்துக்கிடமின்றி உறுதி செய்தன. புகையிலைப் புகையில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் எழுபதுக்கும் அதிகம்.

"பீடி சின்னதுதானே சார், இலைதானே, சிகரெட்டு மாதிரி இல்லையே" என்று பலர் சொல்கிறார்கள். இது தவறு. பீடியில் புகையிலை குறைவு என்பது உண்மை. ஆனால் பீடி இலையில் காற்று எளிதாகப் புகாது. இழுக்காவிட்டால் அணைந்துவிடும். ஆகவே அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் நெஞ்சுக்குள் போகும் நஞ்சு சிகரெட்டைவிடக் குறைவதில்லை. பல பரிசோதனைகளில் கூடவே இருக்கிறது.

2. பிறர் விடும் புகை. கணவர் திண்ணையில் உட்கார்ந்து பிடித்தாலும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்தப் புகை போய்ச் சேருகிறது. தானே பிடிக்காதவருக்கும் இதனால் ஆபத்து உண்டு. பொது இடங்களில் புகைபிடிப்பது 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டிருப்பது இதனால்தான். டீக்கடையும் பஸ் நிறுத்தமும் பொது இடமே.

3. விறகடுப்புப் புகை. காற்றோட்டமில்லாத அடுப்படியில் கருவை விறகும் எருவும் எரியும்போது வரும் புகை நுரையீரலைக் கெடுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, இதைப் "புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளது" என்ற வகையில் வைத்திருக்கிறது.

4. தொழிலிடத் தூசியும் புகையும். கல் உடைக்கும் இடத்துத் தூசி, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் தூசி, டீசல் புகை ஆகியவை புற்றுநோய்க் காரணங்கள் என்று உறுதியாகியுள்ளன. கரிமூட்டப் புகையும் மரம் வெந்து வரும் புகைதான். மூட்டத்துக்குப் பக்கத்தில் பல வருஷம் நிற்பவரின் நுரையீரல் கெடும். அவர் பீடியும் பிடித்தால் கெடுதல் இன்னும் கூடும்.

5. முன்பு வந்த காசநோய். டி.பி. வந்து குணமானவர்களுக்கு நுரையீரலில் தழும்பு இருக்கும். இவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். பயப்பட வேண்டாம், கவனமாக இருந்தால் போதும்.

இவை எதுவும் இல்லாத சிலருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும், இந்நோய் வருவதுண்டு. ஆகவே "நான்தான் பீடியே தொட்டதில்லையே" என்று அறிகுறிகளை அலட்சியம் செய்யக் கூடாது.

எச்சரிக்கை அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள்.

• இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காத இருமல்.
• பல வருஷமாக இருக்கும் பீடி இருமல் திடீரென மாறுவது. சத்தம் மாறுவது, அதிகமாவது, ராத்திரியில் எழுப்பிவிடுவது.
• சளியில் ரத்தம். ஒரு கோடு தெரிந்தாலும் போதும். அடுத்த முறை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.
• மூச்சை இழுத்தாலோ இருமினாலோ நெஞ்சில் குத்தும் வலி. தோள்பட்டையிலிருந்து கைக்கு இறங்கும் வலி.
• முன்பு ஏறிய கண்மாய்க் கரையை இப்போது ஏற முடியாமல் மூச்சு வாங்குவது.
• மூன்று வாரத்துக்கு மேல் தொண்டை கம்மியே இருப்பது.
• ஒரே பக்கத்து நுரையீரலில் திரும்பத் திரும்பச் சளிக்காய்ச்சல் கட்டுவது.
• காரணமில்லாமல் உடம்பு இளைப்பதும் பசி குறைவதும்.
• முகமும் கழுத்தும் வீங்குவது. விரல் நுனிகள் உருண்டு தடிப்பது.

இந்த அறிகுறி இருந்தால் புற்றுநோய்தான் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் வேறு நோயாகவே இருக்கும். அது எந்த நோய் என்று தெரிந்துகொள்வதற்காகவே டாக்டரிடம் போகச் சொல்கிறோம்.

டி.பி.யா, புற்றா? குழப்பம் எங்கே வருகிறது?

இருமல், சளியில் ரத்தம், இளைப்பு, காய்ச்சல் இவை காசநோய்க்கும் உண்டு. நுரையீரல் புற்றுநோய்க்கும் உண்டு. எக்ஸ்-ரே படத்திலும் சில சமயம் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நம் நாட்டில் டி.பி. அதிகம் என்பதால் முதலில் அதைச் சோதிப்பது சரியான முறையே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். அதற்குப் பிறகு நடக்க வேண்டியதில்தான் தவறு நேருகிறது. ஆகவே மூன்று நிலைகளை மனத்தில் வையுங்கள்.

முதல் நிலை: சளியில் கிருமி இருக்கிறது. உடனே மாத்திரையைத் தொடங்குங்கள். டாக்டர் சொல்லும் வரை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்.

இரண்டாம் நிலை: சளியில் கிருமி இல்லை, ஆனால் இருமல் நிற்கவில்லை. "டி.பி. இல்லையாம்" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். திரும்பப் போய், "சார், இருமல் இன்னும் இருக்கு. நெஞ்சுப் படம் எடுத்துப் பார்க்கணுமா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. எந்த டாக்டரும் தவறாக நினைக்க மாட்டார்.

மூன்றாம் நிலை: டி.பி. மாத்திரை இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் உடம்பு தேறவில்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், டாக்டரிடம் விவரத்தைச் சொல்லுங்கள். மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.யாகவும் இருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம்.

பரிசோதனையும் சிகிச்சையும்

எக்ஸ்-ரேயில் சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். பிறகு மெல்லிய குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்த்தோ, ஊசி மூலமாகவோ சிறிது சதை எடுத்துச் சோதிப்பார்கள். சதைப் பரிசோதனை இல்லாமல் இந்நோயை உறுதி செய்ய முடியாது.

நோய் ஒரே இடத்தில் இருக்கும்போது கண்டுபிடித்தால் அறுவைச் சிகிச்சையால் குணப்படுத்த வாய்ப்பு உண்டு. அறுவை செய்ய முடியாதவர்களுக்குக் கதிர்வீச்சு, மருந்து ஏற்றுதல் ஆகியவை உள்ளன. சிலருக்குக் கட்டியின் மரபணு மாற்றத்தைச் சோதித்து, அதற்கேற்ற மாத்திரையே கொடுக்கிறார்கள். பரவிய பிறகும் வலியையும் மூச்சுத்திணறலையும் குறைக்க மருந்து உண்டு. "இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்று நோயாளியை மூலையில் படுக்கப் போட்டுவிடுவது பெரிய பாவம்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைக்கோ, 2022இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். சென்னை அடையாறில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் பெருமுயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை, ஏழைகளுக்கும் சிகிச்சை தருகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவு ஏற்கப்படுகிறது. ஆகவே ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். காட்டை விற்க வேண்டுமோ என்று பயந்து தள்ளிப்போட வேண்டாம். விவரம் கேட்க 104க்கு போன் செய்யலாம்.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

"இது ஒட்டுவாரொட்டியா?"
இல்லை. கூட உட்கார்ந்து சாப்பிடலாம். பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கலாம். ஆனால் டி.பி. தொற்றும். எனவே எந்த நோய் என்று தெரியும் வரை வாயை மூடி இருமுவது நல்லது.

"சதை எடுத்துப் பார்த்தால் நோய் கலைஞ்சு பரவிரும்கிறாங்களே?"
இந்தப் பயத்தால் பலர் நாளைக் கடத்துகிறார்கள். நோய் பரவுவது தாமதத்தினால்தான். பரிசோதனைக்குப் பயந்து திரும்பி வராதீர்கள்.

"செய்த பாவத்துக்கு வந்த நோய்தானே?"
நம் பக்கத்துத் திருச்சுழியில் 1879இல் பிறந்தவர் ரமண மகரிஷி. அவருக்கு இடது கையில் புற்றுக்கட்டி வந்தது. அறுவைச் சிகிச்சைகள் செய்தும் திரும்பத் திரும்ப வளர்ந்தது. 1950 ஏப்ரல் 14இல் அவர் மறைந்தார். அது நுரையீரல் புற்று அல்ல, வேறு வகை. ஆனாலும் அந்த மகான் என்ன பாவம் செய்தார்? இது உடம்பில் வரும் நோய். மறைக்க வேண்டியதில்லை, வெட்கப்படவும் வேண்டியதில்லை.

"நாப்பது வருஷமாப் பிடிச்சாச்சு. இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?"
இதற்குப் பதில் இருக்கிறது. பிரிட்டனில் 34,000க்கும் அதிகமான ஆண் டாக்டர்களின் பழக்கத்தையும் ஆயுளையும் 1951இலிருந்து 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். விடாமல் புகைபிடித்தவர்கள், புகைபிடிக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து வருஷம் முன்னதாக இறந்தார்கள். 30 வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்து வருஷமும் திரும்பக் கிடைத்தது. 40இல் விட்டவர்களுக்கு ஏறக்குறைய 9 வருஷம், 50இல் 6 வருஷம், 60இல் விட்டவர்களுக்கும்கூட 3 வருஷம் கிடைத்தது. மூன்று வருஷம் என்றால் ஒரு பேத்தி நடை பழகிப் பேச்சுப் பழகும் காலம். அது சின்ன விஷயமா?

வீட்டில் செய்ய வேண்டியவை

தாய்மார்களே, பீடிக்காரரோடு சண்டை போட்டுப் பலனில்லை. அவர் விடுவதற்கு ஒரு நாள் குறிக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு வீட்டிலிருக்கும் பீடிக்கட்டு, தீப்பெட்டி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். ஆசை எழும்போது அது சில நிமிஷத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்துக்குத் தண்ணீர், கொஞ்சம் சோம்பு, வறுத்த கடலை கொடுங்கள். முதல் வாரம் கோபம் வரும், தூக்கம் கெடும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை தவறிவிட்டால் திட்டாமல் மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். பீடிக்குப் பதில் புகையிலை போடுவது தீர்வாகாது. அது வாய்ப்புற்றுக்கு வழி. 1800-11-2356 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் போன் செய்தால் விடுவதற்கு ஆலோசனை சொல்வார்கள்.

கேஸ் அடுப்பு இருந்தும் சிலிண்டர் செலவுக்குப் பயந்து விறகில் சமைப்பவர்கள், அதிக நேரம் வேகிற சமையலை மட்டுமாவது வெளித்திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த விறகே வையுங்கள். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு அடுப்பு ஊதாதீர்கள்.

மூட்டம் போடும் அண்ணன்மார்களே, காற்று வரும் பக்கத்தில் நின்று வேலை பாருங்கள். மூட்டத்தை ஒட்டிப் படுத்துத் தூங்க வேண்டாம். முகத்தில் துண்டு கட்டுவது தூசியைக் கொஞ்சம் தடுக்கும், புகையைத் தடுக்காது. ஆகவே துண்டை நம்பி உள்ளே போய் நிற்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

இந்தத் தாளைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருமுகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். "எத்தனை நாளா?" என்று கேளுங்கள். இரண்டு வாரம் தாண்டியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். பரிசோதனை முடிந்த பிறகும் ஒரு மாதம் கழித்து, "இருமல் நின்னுருச்சா?" என்று இன்னொரு தரம் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியைத்தான் நான் அன்றைக்குக் கேட்காமல் போனேன். நீங்கள் கேளுங்கள்.